செருகாத ஹெட்போன்

கொசப்பேட்டை, வேலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் குரல்பதிவு கிடைத்தது. ஏழு நிமிடம். அதில் நாலு நிமிடம் முட்டிவலி, இரண்டு நிமிடம் கோயம்புத்தூர்க் குளிர், கடைசி ஒரு நிமிடத்தில்தான் விஷயத்துக்கு வந்தாய்: “பழைய லேப்டாப்புல லினக்ஸ் போட்டேன், வைஃபையே காணோம், நீயும் போட்டியாமே, என்னதான் பண்ணினே?” இதற்குக் குரலில் பதில் சொன்னால் நீ பாதியில் தூங்கிவிடுவாய். அதனால் பழைய வழக்கப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டளைகள் ஆங்கில எழுத்தில் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் அடிக்க வேண்டியவை. அவற்றைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இங்கே கதை மட்டும்.

என் லேப்டாப் உனக்குத் தெரியும். மகள் காலேஜில் சேர்ந்தபோது, 2015ல் வாங்கியது. அவள் இப்போது பெங்களூரில் கம்பெனி கொடுத்த புதுசோடு இருக்கிறாள். இது என்னிடம் தங்கிவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல் சிப்பில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதை, ஒரு சிலதைத் தவிர, சேர்க்க மாட்டேன் என்கிறது. இது ஐந்தாம் தலைமுறை. பரணில் போட மனசு வரவில்லை. அம்மாவுக்குப் பேத்தியைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று ஆசை. “போன்ல அவ மூஞ்சி தபால் ஸ்டாம்பு மாதிரி இருக்குடா” என்று தினமும் புலம்பல். சரி என்று, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22ஐப் பென்டிரைவில் ஏற்றிப் போட்டேன்.

அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. தமிழ் எழுத்து கொம்பும் காலும் இடம் மாறாமல் ஒழுங்காக வந்தது. 2011ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, பாஸ் என்ற இந்திய லினக்ஸும் விண்டோஸும் சேர்த்தே போட்டிருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் லினக்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களை அன்றைக்குத் திட்டியவன், நானும் பதினான்கு வருஷம் கழித்துத்தான் போகிறேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. வைஃபை இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது, ஒரே ஒரு கோடு. ரூட்டர் முன்ஹாலில். நம் வீடு தாத்தா கட்டியது, சுவர் ஒன்றரை அடி கனம். ரூட்டர் பக்கத்தில் வைத்தால் இழுக்கிறது, நடையைத் தாண்டினால் போச்சு. சுவர்தான் என்று நினைத்தேன். ஆனால் என் போன் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்கூட நன்றாக எடுக்கிறது. அப்போ சுவர் இல்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். வைஃபை இல்லாமல் வைஃபைக்கு மருந்து தேடுவது கிணற்றுக்குள் விழுந்தவன் கயிறு வாங்கக் கடைக்குப் போவது போல. அதற்கு வழி, போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டுவிடு, போனின் இணையம் கேபிள் வழியே லேப்டாப்புக்கு வரும். லினக்ஸ் அதைக் கம்பி வழி வந்த இணைப்பு என்றே எடுத்துக்கொள்ளும், டிரைவர், அதாவது ஒரு சிப்பை இயக்கும் மென்பொருள், எதையும் தனியாகக் கேட்காது. உனக்கும் இதுதான் முதல் படி.

தடை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஆர்எஃப்கில் என்று ஒரு கட்டளை. சாஃப்ட் பிளாக், ஹார்ட் பிளாக் என்று இரண்டு வரி வரும். முதலாவது மென்பொருள் போட்ட பூட்டு, இரண்டாவது பக்கவாட்டுச் சுவிட்சோ விசைப்பலகையின் விமானப் பொத்தானோ போட்ட பூட்டு. எனக்கு இரண்டும் இல்லை என்றது. அடுத்து எல்எஸ்பிசிஐ. உள்ளே என்ன சிப் என்று அதுதான் சொல்லும். ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ.

எப்படியும் ரேம் போடப் பின்மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிப் பார்த்தேன் மச்சான். தீப்பெட்டி லேபிள் அளவு ஒரு பச்சைத் தகடு, அதுதான் வைஃபை அட்டை. அதன் ஓரத்தில் கடுகளவு இரண்டு தங்கக் குமிழ். ஒன்றில் ஆன்டெனாவின் கறுப்புக் கம்பி மாட்டியிருக்கிறது. இன்னொன்று வெறும் குமிழ். ஒரு காதில் கம்மல், இன்னொரு காது மொட்டை என்றது போல. லேப்டாப் செய்தவர்கள் இரண்டு ஆன்டெனாவுக்குப் பதில் ஒன்றோடு முடித்துவிட்டார்கள். அதில் தப்பில்லை, ஒன்றே போதும். ஆனால் ஆன்டெனா எந்தக் குமிழில் என்று தகட்டுக்குள் இருக்கும் சின்ன நினைவகத்தில் எழுதிவைக்க வேண்டும். அங்கே மாற்றி எழுதிவிட்டார்கள். லினக்ஸ் அதை அப்படியே நம்பி மொட்டைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தது.

கம்பியை எடுத்து அடுத்த குமிழில் மாட்டினாலும் சரியாகும். ஆனால் விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு அது அங்கே கெடும். என் கைக்கு அந்தக் கடுகு அகப்படவும் இல்லை. அதற்குப் பதில் ஒரே ஒரு வரி: எந்தக் குமிழ் என்று டிரைவருக்குச் சொல்ல ‘ஆன்ட்செல்’ என்று ஓர் எண். ஒன்று கொடுத்துப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. இரண்டு கொடுத்தேன். நடையில் மைனஸ் 86 டெசிபெல் என்று காட்டிக்கொண்டிருந்த சிக்னல் மைனஸ் 46க்கு ஏறியது. நாற்பதுதானே என்று நினைக்காதே. பத்துக்குப் பத்து மடங்கு கணக்கு அது. நாற்பது என்றால் பத்தாயிரம் மடங்கு பலம்.

இந்த ரியல்டெக் டிரைவர்களை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டவர் லாரி ஃபிங்கர் என்ற அமெரிக்கர். எண்பது வயதைத் தாண்டியும் யாரோ முகம் தெரியாதவன் லேப்டாப்புக்காக உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருந்தார். 2024 ஜூனில் இறந்துபோனார். அன்றைக்கு இரவு பின்கட்டில் உட்கார்ந்து மகளின் முகத்தைப் பார்த்தபோது அந்த மனுஷனை நினைத்துக்கொண்டேன்.

முகத்தைப் பார்த்தேன் என்றுதான் சொன்னேன். குரல் இல்லை. மகள் வாயசைக்கிறாள், அம்மா “என்னடி, என்னடி” என்கிறாள், ஊமைப்படம். நம் ஊரைப் பற்றிச் சொல்வார்களே, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று. ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார், அந்த இடம் காலிதானே, சத்தமில்லாத ஸ்பீக்கரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மகள் எழுத்தில் அனுப்பினாள்.

இதில் ஒரு வாரம் போனது. முழுக்க என் தப்பு. அவசரப்பட்டு எங்கெங்கோ கிடைத்த வரிகளை எல்லாம் கொண்டுவந்து ஒட்டினேன். ஒரு வரி போட்டதும் ஒலி அமைப்பில் ‘டம்மி அவுட்புட்’ என்று வந்து நின்றது. அதாவது ஒலி அட்டையே இல்லையாம். நடுங்கிப்போய் அழித்தேன். பஜாரில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். திறந்துகூடப் பார்க்காமல் “சவுண்டு ஐசி போயிடுச்சு சார், 3500 ஆகும், லினக்ஸ் போட்டா இப்படித்தான்” என்றார் அங்கே இருந்தவர். எனக்கும் அது உண்மையாகத்தான் பட்டது. லினக்ஸ் போடுவதற்கு முன்னால் இதில் ஸ்பீக்கர் எப்போது பாடியது என்று யோசிக்கவே இல்லை. மகள் நாலு வருஷமும் ஹெட்போனோடுதான் இருந்தாள்.

ஒலி அளவுகளை ஒழுங்காகப் பார்க்க ஆல்சாமிக்சர் என்று ஒன்று இருக்கிறது. கறுப்புத் திரையில் பச்சை, வெள்ளை, சிவப்புத் தூண்கள். திறந்ததும் தூணே இல்லை, எஸ்பிடிஐஎஃப் (டிஜிட்டல் ஒலி வெளியீடு) என்று நாலைந்து கட்டம். ஒலியைக் கூட்டிக் குறைக்கவே இடமில்லையே என்று இரண்டு நாள் அதோடு மாரடித்தேன். என்ன என்றால், இந்தத் தலைமுறை இன்டெலில் எச்டிஎம்ஐ வழி போகும் ஒலிக்கு ஓர் அட்டை, ஸ்பீக்கருக்கு ஓர் அட்டை. எச்டிஎம்ஐ அட்டைக்கு எண் பூஜ்யம், ஸ்பீக்கர் அட்டைக்கு எண் ஒன்று. நான் பார்த்தது டிவிக்குப் போகும் அட்டையை. எஃப்6ஐ அழுத்தினால் பட்டியல் வரும், பிசிஎச் என்று இருப்பதைப் பிடி. அங்கே எல்லாத் தூணும் வரிசையாக நிற்கிறது. ‘ஸ்பீக்கர்’ தூணின் அடியில் இரண்டு எம். அது வாய்ப்பூட்டு. எம் விசையைத் தட்டினால் இரண்டு பூஜ்யமாக மாறும், பூட்டுத் திறந்தது என்று அர்த்தம். மாறியது. சத்தம் வரவில்லை.

அப்போதுதான் வலது ஓரத்தில் ஒரு தூண் கண்ணில் பட்டது, ‘ஆட்டோ மியூட் மோட்’. ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரை அணைக்கும் ஏற்பாடு. அதை நிறுத்திவிட்டுச் சோதனைக் கட்டளையை ஓட்டினேன். ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று “ஃப்ரண்ட் லெஃப்ட்” என்றது. அம்மா உள்ளேயிருந்து “வந்துட்டாளா? ஏன்டா இங்கிலீஷ்ல பேசறா?” என்று ஓடிவந்தாள்.

ஆக, அந்த லேப்டாப் ஹெட்போன் செருகியிருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. செருகவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தத் துளைக்குள் சாம்பல் நிறத்தில் பஞ்சு அடைந்து கிடக்கிறது. பத்து வருஷப் பை அழுக்கு. ஹெட்போன் வந்ததும் அமுங்கும் மெல்லிய தகடு ஒன்று உள்ளே இருக்கும், பஞ்சு அதைப் பிடித்துவைத்திருக்கிறது. லேப்டாப்பை அணைத்துவிட்டு, துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி, நுனியைச் சீவி, மெதுவாகச் சுற்றி இழுத்தேன். இலவம்பஞ்சு மாதிரி ஒரு திரி வந்தது. திரும்பப் போட்டதும் அமைப்பில் ‘ஹெட்போன்’ போய் ‘ஸ்பீக்கர்’ தானாக வந்தது. ஆட்டோ மியூட்டைப் பழையபடி போட்டுவிட்டேன், அதன்மேல் குற்றமில்லை.

3500 ரூபாய்க்கும் ஈர்க்குச்சிக்கும் உள்ள தூரத்தை நினைத்து இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். வைஃபையும் இதே கதைதானே. ஒன்று மொட்டைக் காதால் கேட்டது, இன்னொன்று இல்லாத காதில் பேசியது.

அதற்கப்புறமும் ஒரு சின்ன இம்சை. ஒலி நின்ற சில நொடியில் ‘டொக்’. திரும்ப ஒலி ஆரம்பித்தால் ‘டொக்’. அம்மா இரண்டு தடவை போய் வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டாள். மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒலி சிப் தூங்கி எழும் சத்தம் அது. தூங்காதே என்று ஒரு வரி போட்டேன், நின்றது. தனித்தாளில் கடைசியில் இருக்கிறது.

இப்போது உன் கதை. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உனக்கு ரியல்டெக் இல்லை, பிராட்காம் பிசிஎம்43142. இதற்கு மொட்டைக் காது வைத்தியம் வேண்டாம், டிரைவரே உள்ளே வரவில்லை. பிராட்காம் 2010 செப்டம்பரில் சில சிப்புகளுக்கு மூலநிரலைத் திறந்துவிட்டது. உன்னுடையது அந்தக் கணக்கில் இல்லை. அதற்கு ‘டபிள்யூஎல்’ என்ற மூடின டிரைவர்தான். போனை டெதரிங்கில் போட்டு, மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திற. பிராட்காம் என்று தானாகக் காட்டும், டிக் செய்து நிறுவு, அவ்வளவுதான்.

ஒரே இடத்தில் கவனமாக இரு. உன் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்பில்) செக்யூர் பூட், அதாவது கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பூட்டு, போட்டிருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வரும். விண்டோஸ் நீலத்திரை என்று பயந்து அணைத்துவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும். அதில் ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடு. சில நொடிதான் காத்திருக்கும், நீ கண்ணாடியைத் தேடுவதற்குள் போய்விடும். போய்விட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது.

சரி, ஊர்ச் செய்தி. ‘கடிகாரம்’ ஓய்வு பெற்றுவிட்டான். முதல் நாளே காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் வாசல்வரை போய்த் திரும்பி வந்தானாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு வந்தாலும் வந்தது, நேதாஜி மார்க்கெட்டில் முள் இருக்கிற எல்லாவற்றையும் இலவம்பாடி என்கிறார்கள். அம்மாவிடம் அந்த வேலை நடக்காது, காம்பைப் பார்த்தே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? காட்பாடியில் இறங்கு, நான் வண்டி எடுத்து வருகிறேன். லேப்டாப்பையும் தூக்கி வா. ஈர்க்குச்சி இங்கே நிறைய இருக்கிறது.

உன்,
பக்கத்து பெஞ்ச்

பி.கு.: தனித்தாளில் மூன்றாவது வரியில் இருப்பது எண் ஒன்று இல்லை, சிறிய எல். நான் அதில் ஒரு மாலை முழுக்கத் தொலைத்தேன்.