மெர்கன்தாலர் கடிகாரத் தொழிலாளி என்றே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் பத்திரிகை அச்சின் வரலாறு பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அச்சுக்கு ஒரு முழு வரியையும் ஈயத்தில் ஒரே துண்டாக வார்த்துக் கொடுக்கும் லைனோடைப் இயந்திரம் பற்றிச் சொல்லும் இடத்தில், அதை உருவாக்கிய ஓட்மார் மெர்கன்தாலரை ‘அமெரிக்க விஞ்ஞானி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் ஜெர்மனியில் ஒரு சிற்றூர்க் கடிகாரக் கடையில் தொழில் பழகியவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். பிழைப்புக்காகக் கப்பல் ஏறி அமெரிக்கா போனவர். நான் ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சகத்தில் லைனோ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குச் சோறு போட்ட இயந்திரம் அது. அதைச் செய்தவரின் தொழிலை அவரிடமிருந்து எடுத்துவிட்டால் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெர்கன்தாலர் 1854 மே 11-ல் வுர்ட்டம்பர்க் பகுதியில் ஹாக்டெல் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியார் வீட்டில் மரியாதை இருக்கும், காசு இருக்காது; அந்தக் காலத்தில் நம் பக்கமும் அப்படித்தானே. பையனுக்கு ஐந்து வயது இருக்கும்போது அம்மா தவறிவிட்டார். வளர்ந்தது என்சிங்கன் என்ற ஊரில். படிக்கிற நேரம் போக அடுப்பு மூட்டுவது, பாத்திரம் கழுவுவது, மாடு பன்றிகளுக்குத் தீனி வைப்பது, சர்ச் மணி அடிப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. நின்று கிடந்த ஊர்க் கடிகாரத்தை இந்தப் பையன்தான் ஓட வைத்தான் என்று சொல்வார்கள்.

மகனும் வாத்தியார் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பையனுக்கோ இயந்திரத்தின் மேல்தான் கண். அதைப் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. கடைசியில் வழி திறந்தது மாற்றாந்தாய் பக்கத்திலிருந்து. அந்த அம்மாவின் உடன்பிறந்தவர் லூயி ஹால், பீட்டிக்ஹைம் என்ற சிறிய ஊரில் கடிகாரக் கடை வைத்திருந்தார். மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே அந்த அம்மா வழியில் வந்த, இரத்த சம்பந்தம் இல்லாத தாய்மாமன்தான் பையனுக்குத் தொழில் கொடுத்தார். வயது 14. நான்கு வருஷ ஒப்பந்தம். சம்பளம் கிடையாது, கருவிகளையும் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். பகலில் கடை, மாலையில் இயந்திர வரைபட வகுப்பு. வேலையைப் பார்த்த மாமா, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே சம்பளம் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு கைத்தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன இருக்கிறது?

1872-ல் தொழில் பழகி முடித்தபோது ஜெர்மனியில் நிலைமை சரியில்லை. பிரான்சோடு நடந்த யுத்தம் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். இருக்கிற வேலைக்கு ஆள் அதிகம். கட்டாய ராணுவ சேவை வேறு காத்திருந்தது. மாமா மகன் ஆகஸ்ட் ஹால் அதற்குள் வாஷிங்டனில் கடை போட்டுவிட்டார். மின்சாரக் கடிகாரம், வானிலைத் துறைக்கான கருவிகள், காப்புரிமை கேட்பவர்களுக்கு மாதிரி இயந்திரங்கள் என்று வேலை. கப்பல் செலவை அவரே கொடுத்தார், வேலை செய்து கழித்துக்கொள்ளலாம் என்று. பதினெட்டு வயதில் பால்டிமோரில் வந்து இறங்கினார் மெர்கன்தாலர்.

இனி அச்சு விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா கம்பாசிட்டர், அதாவது கையால் அச்சுக் கோப்பவர்; தம்பு செட்டித் தெருவில் வேலை. ஒவ்வொரு ஈய எழுத்தாகக் கேஸிலிருந்து (குழி குழியான எழுத்துப் பெட்டி) எடுத்து ஸ்டிக்கில் (கையில் பிடிக்கும் சட்டம்) அடுக்குவதைத்தான் வெளி ஆட்கள் வேலை என்று நினைப்பார்கள். அப்பாவை உட்காரவிடாமல் செய்தது அதற்கு அப்புறம் வருகிற வேலை. அச்சடித்து முடித்த ஃபார்மாவை, அதாவது பக்கமாகக் கட்டிய எழுத்துகளைப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் அதன் குழியில் திரும்பப் போட வேண்டும். ஒன்று மாறி விழுந்தால் மறுநாள் அது யாருடைய கல்யாணப் பத்திரிகையிலாவது போய் நிற்கும். தமிழ்க் கேஸில் கொம்பு, கால், சுழி, உயிர்மெய் என்று குழிகள் ஏராளம். சாயங்காலம் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய் வருவார். ஈயம் உடம்பில் தங்காது என்று நம்பி வழியில் வாழைப்பழம் வாங்கிச் சாப்பிடுவார்.

1876-ல் ஆகஸ்ட் ஹால் கடைக்கு ஒரு இயந்திரம் வந்தது. நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரான ஜேம்ஸ் கிளஃபேன், தான் எழுதியதை வேகமாக அச்சுக்குக் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்தார். சார்லஸ் மூர் என்பவர் செய்த அந்த இயந்திரம் சரியாக ஓடவில்லை. அதைச் சீராக்கும் வேலை மெர்கன்தாலர் கைக்கு வந்தது. வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். காகிதக் கூழில் எழுத்தைப் பதித்து, அதன் மேல் ஈயம் வார்க்கும் முறையும் தோற்றது. 1883-ல் பால்டிமோரில் சொந்தப் பட்டறை. எழுத்தைப் பதிக்க ஒரு இயந்திரம், வார்க்க இன்னொன்று எதற்கு, ஒரே இயந்திரம் இரண்டையும் செய்யட்டுமே என்ற யோசனை ரயிலில் போகும்போது வந்தது என்று படித்திருக்கிறேன். 1886 ஜூலை 3-ல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகை அலுவலகத்தில் அது வேலைக்கு வந்தது. அவருக்கு அப்போது வயது 32.

நான் பார்த்த லைனோவில் 90 சாவி. ஒன்றைத் தட்டினால் மேலே மேகசின் என்ற, அறை அறையான பெட்டியிலிருந்து ஒரு பித்தளை மேட்ரிக்ஸ் (எழுத்து அச்சு) சரிந்து இறங்கும். அதன் ஓரத்தில் எழுத்து குழிவாக வெட்டியிருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு ஸ்பேஸ்பேண்ட் விழும். வரி நிறைந்ததும் லீவரைத் தூக்கினால், ஆப்புகள் மேலே ஏறி வரியை இரண்டு பக்கமும் இறுக்கும். (இந்த ஆப்பு முறைக்குக் காப்புரிமை ஷக்கர்ஸ் என்பவரிடம் இருந்தது; கம்பெனி அதை வாங்க வேண்டியிருந்தது. அவருக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.) காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்து சுமார் 285 டிகிரியில் உருகிக் கிடக்கும் கலவை பாய்ந்து, ஒரு முழு வரி ஒரே துண்டாக வார்ந்து, சூடாக வந்து விழும். வரி சரியாக இறுகாவிட்டால் இடுக்கு வழியாக ஈயம் பீறிடும். என் இடது கையில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்புறம் நடப்பதில்தான் கடிகாரக்காரர் தெரிவார். என் அப்பா கையால் செய்த அந்தப் பிரித்துப் போடும் வேலையை இயந்திரமே செய்யும். மேட்ரிக்ஸின் தலையில் ஒரு பள்ளம், அதன் இரு பக்கமும் சின்னச் சின்னப் பற்கள். பற்களுக்கு ஏழு இடம். எந்த எழுத்துக்கு எந்த இடத்தில் பல் இருக்கும், எங்கே இருக்காது என்பது எழுத்துக்கு எழுத்து மாறும். நீண்ட கம்பி ஒன்றில் அந்தப் பற்களால் தொங்கியபடி மேட்ரிக்ஸ் நகரும். கம்பியிலும் அதற்கேற்ற வரம்புகள், இடத்துக்கு இடம் வெட்டி விட்டிருக்கும். தன்னைத் தாங்குகிற வரம்பு முடிகிற இடத்தில் மேட்ரிக்ஸ் பிடி விட்டுத் தன் அறைக்குள் விழும். பூட்டுக்குச் சாவி பொருந்துகிற கணக்கு. ஒரு பல் தேய்ந்தாலும் தப்பான இடத்தில் விழுந்துவிடும். தேய்மானத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணில் லென்ஸ் மாட்டி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்போம். எம்.சி. ரோடு பக்கம் வாட்ச் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப் பார்ப்பாரோ அதே பார்வைதான். புத்தகப் படிப்பில் மட்டும் இது வந்திருக்காது. பீட்டிக்ஹைம் கடையில் நான்கு வருஷம் பல் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பழகிய விரலுக்குத்தான் வரும்.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1881-ல் எம்மா லாக்கன்மாயர் என்ற பெண்ணை மணந்தார். கல்யாணமான புதிதில் சொந்தப் பட்டறை, ஓயாத வேலை, பிள்ளைகள். 1888-ல் முதலீட்டாளர்களோடு ஒத்துப்போகாமல் கம்பெனியை விட்டு விலகினார். அதே வருஷம் நுரையீரல் நோயில் படுத்தார்; பிறகு அது காசநோய் ஆனது. வறண்ட காற்று வேண்டும் என்று அரிசோனாவுக்கும், பிறகு நியூ மெக்சிகோவில் டெமிங் என்ற ஊருக்கும் போனார். 1897-ல் அந்த வீடு தீப்பிடித்து அவருடைய காகிதங்கள் எரிந்தன. பால்டிமோருக்கே திரும்பி, 1899 அக்டோபர் 28-ல் காலமானார். 45 வயதுதான். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அவருடைய இயந்திரத்தில் ஓடத் தொடங்கியிருந்த நேரம். எம்மா அம்மாளைப் பற்றி யாரும் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. நோயாளிக் கணவனோடு ஊர் ஊராகப் போய் வீட்டைத் தாங்கியவர் அவர்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் இருக்கிற வட சென்னை கைத்தொழில்காரர்களின் இடம். எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பெரம்பூரில் ரயில்வே பட்டறைகள், 1955 முதல் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். ஃபிட்டர், டர்னர், வெல்டர் இல்லாத தெரு இங்கே கிடையாது. எங்கள் தெருவில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு நல்ல வேலையில் இருக்கும் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசப் போனார்கள். பெண் வீட்டார் ‘பையன் படிக்கவில்லையா?’ என்று கேட்டார்களாம். கேட்ட எனக்கே முகம் சுண்டிப்போனது. அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? மெர்கன்தாலரை நீங்கள் கடிகாரத் தொழிலாளி என்று எழுதியிருந்தால், அந்தப் பிள்ளை அந்த வரியை வெட்டி வைத்துக்கொண்டிருப்பான். விஞ்ஞானி என்று எழுதியதால் அது அவனுக்குச் சம்பந்தமில்லாத செய்தியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போட முடிந்தால் போடுங்கள். இன்னொரு விஷயம். ஆங்கில லைனோவுக்கு 90 சாவி போதும். தமிழுக்கோ எழுத்து வடிவங்கள் ஏராளம்; எங்கள் அச்சகத்தில் தமிழ் கடைசி வரை கைக்கோப்புதான். அந்தத் தமிழ் கம்பாசிட்டர்கள் இன்னும் சிலர் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது. நிருபர் யாரையாவது அனுப்பினால் நானே கூட்டிப் போய் அறிமுகம் செய்து வைக்கிறேன். என்னிடம் ஒரு டப்பா மேட்ரிக்ஸும் இரண்டு ஸ்பேஸ்பேண்டும் இருக்கின்றன. படம் எடுக்க வேண்டுமானால் மேட்ரிக்ஸ் பற்களைத் துடைத்து வைக்கிறேன். மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற லைனோ மெக்கானிக்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.