விறகடுப்பும் விழிப்புணர்வும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரக் கட்டுரையில் ‘இன்னும் விறகில் சமைப்பவர்களுக்குத் தேவை விழிப்புணர்வுதான்’ என்று ஒரு வரி வந்திருந்தது. அதே இதழில் நாலு பக்கம் தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தெந்தக் கடையில் விறகடுப்பு பிரியாணி மணக்கிறது என்று வண்ணப் படத்தோடு ஒரு பாராட்டு. அங்கே புகைந்தால் ருசி, வியாசர்பாடியில் நான் அடுப்பு மூட்டினால் அறியாமை. நல்லா இருக்குங்க.

என் வீட்டிலும் கேஸ் இருக்கிறது. டீ, தாளிப்பு, பிள்ளைகளுக்குச் சோறு எல்லாம் அதில்தான். ஆனால் நான் காலையில் இட்லி போட்டு விற்கிறவள், வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குத் தொடக்கூடாது என்பது சட்டம், கடைக்கென்று தருகிற 19 கிலோ சிலிண்டரை வாங்கினால் இட்லி என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாததா? அதனால் விறகுத் தொட்டியில் சவுக்கு, கையில் காசில்லாத வாரம் கட்டடம் கட்டுகிற இடத்தில் கழித்துப் போட்ட சென்ட்ரிங் பலகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவில் தண்ணீர் நின்றபோது சிலிண்டர் வண்டி எட்டிப் பார்க்கவில்லை. விழிப்புணர்வு உள்ள வீடுகளிலிருந்தெல்லாம் அன்றைக்குக் குழந்தைக்கு வெந்நீர் கேட்டு வந்தது என் மொட்டைமாடி அடுப்புக்குத்தான்.

புகை கெடுதல் என்று தெரியாமல் யாரும் அடுப்பு ஊதவில்லை. எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் ராத்திரி பூராவும் இருமியது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. போரூர் ராமச்சந்திராவில் ஆராய்ச்சி செய்கிற கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் பல வருடமாக இந்தப் புகையைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள், உள்ளூரிலேயே இருக்கிற அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எண்பதுகளில் மத்திய அரசு ‘புகையில்லா அடுப்பு’ திட்டம் போட்டதே, மதுராந்தகம் பக்கம் அம்மா வீட்டிலும் ஒன்று கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவர் அதோடு சரி. புகைபோக்கியில் கரி அடைத்தால் யார் குத்திவிடுவது? அடுப்பு வாய் சின்னது, விறகை மெல்லிசாகப் பிளந்து பிளந்து கை ஓய்ந்துபோய் அம்மா வாயையே உடைத்து அகலமாக்கிவிட்டார். 2002-ல் திட்டத்தையும் மூடிவிட்டார்கள். பழி மட்டும் பெண்கள் மேல், ‘பயன்படுத்தத் தெரியவில்லை’ என்று.

நல்ல அடுப்பு இல்லாமல் இல்லை. ‘ட’ மாதிரி வளைந்த ராக்கெட் அடுப்பில், விறகின் நுனி மட்டும் கம்பித் தட்டில் எரிய, கீழே காற்று போக வழி இருக்கும். உள்சுவர் கனமான மண்ணாக இருந்தால் சூட்டை அதுவே குடித்துவிடும் என்பதால் சாம்பல் மாதிரி லேசான பொருளால் சூழ வேண்டும், அப்போது புகையும் பெரும்பாலும் உள்ளேயே எரிந்துவிடும். ஒரே குறை, நெருப்பு உள்ளே ஒளிந்துகொள்வதால் கரண்ட் போனால் அடுப்படி இருட்டு. திறந்த அடுப்பு வெளிச்சமும் தந்தது, இதை நிபுணர்கள் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சூட்டிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, குட்டி விசிறியையும் ஒரு எல்இடி விளக்கையும் ஓட்டுகிற அடுப்புகள்கூட வந்துவிட்டன. எங்கள் பக்கக் கடைகளில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

எனக்கு விழிப்புணர்வு வேண்டாம். இருபது லிட்டர் அண்டாவுக்கு ராக்கெட் அடுப்பு கட்ட வாய் எவ்வளவு அகலம், உள்ளே எவ்வளவு உயரம், அண்டாவுக்கும் சுவருக்கும் எத்தனை விரற்கடை இடைவெளி, இதை விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் படத்தோடு அரைப் பக்கம் போடுங்கள். பிரியாணிப் பக்கத்தில் இடம் இருந்தால் அங்கேயே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை.