லைட் பிடிக்க வராத இரவு: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

நேற்று முன்தினம் சம்பாவுக்கு நாற்று விட்டோம். அதே 16 சென்ட் நாற்றங்கால், 6 மா (இரண்டு ஏக்கர்) வயலுக்கு அதே 60 கிலோ சி.ஆர். 1009 விதைநெல். ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் சாக்கில் கட்டி மூட்டம் போட்டு, முளை வெள்ளையாகத் தலைகாட்டிய பிறகு அப்பாவே சேற்றில் இறங்கித் தெளித்தார். அன்று இரவு ஒன்பதரை மணிக்கு நீ அனுப்பிய பப்ஜி ஆட்ட அழைப்பை நான் ஏற்கவில்லை, நேற்றும் ஏற்கவில்லை. கைப்பேசி பழுதாகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். பழுதாகவில்லை. வேலை நாள்களின் இரவுகளில் இனி நான் உன் ஸ்குவாடில், அந்த நால்வர் அணியில், இல்லை. இதைச் சொல்லத் தெரியாமல்தான் இரண்டு நாளாக மௌனமாக இருந்தேன்.

உனக்கு மட்டும் எழுத வேண்டியதை எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உன்னைப் பற்றி நான் சொன்ன பொய் நாலு பேர் நடுவில் சொன்னது. அதைத் திரும்பப் பெறுவதும் நாலு பேர் நடுவில்தான் இருக்க வேண்டும்.

2021 ஆவணியில் ஓர் இரவு உனக்கு நினைவிருக்கிறதா? இருக்காது. உனக்கு அது நூற்றில் ஓர் ஆட்டம். பப்ஜி தடைசெய்யப்பட்டு, பிறகு ஜூலை 2 அன்று பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்த ஆண்டு அது. விட்டதையெல்லாம் பிடிப்பதுபோல் தினமும் ஆடிக்கொண்டிருந்தோம். அன்று ஆட்டத்தின் எராங்கல் தீவில் இறங்கிய நூறு பேரில் பத்துப் பேர் மிச்சம். வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. நீ அடிபட்டு ஒரு சுவருக்குப் பின்னால் தவழ்ந்துகொண்டிருந்தாய். என் இயர்போனில் ஒரு பக்கம் வேலை செய்யாததால் உன் குரல் ஸ்பீக்கரில்தான் வந்துகொண்டிருந்தது. வெளியே மழை பிடித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அன்று காலையில்தான் விதை தெளித்திருந்தோம்.

கொல்லைப்பக்கம் இருந்து அப்பா கூப்பிட்டார். “ஆயி, மேல வயல் வரப்பு ஒடைஞ்சிக்கிச்சி, தண்ணி நாத்தங்கால்ல எறங்குது. லைட்டு புடிக்க வா.”

அதே நொடியில் நீ சொன்னாய்: “இன்னும் பத்துப் பேருதான் இருக்காங்க. என்னைத் தூக்கிவிட்டுட்டுப் போ, விட்டுட்டுப் போயிடாத.”

நான் உன்னைத் தூக்கினேன். அதற்குப் பத்து வினாடி ஆகும். பத்து வினாடி முடிந்ததும் எழுந்திருக்க வேண்டியவள் எழுந்திருக்கவில்லை. “பையன் இப்பதாம்ப்பா கண்ண மூடுறான், எந்திரிச்சா அழுவான்” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தேன். சின்னவன் எட்டு மணிக்கே தூங்கிவிட்டிருந்தான். அந்த ஆட்டத்தில் நாம் இரண்டாம் இடம் வந்தோம்.

அதன் பிறகு நான் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்த காட்சிதான் இத்தனை ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ஒரு வெளிச்சம் தாறுமாறாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நொடி தண்ணீரில், அடுத்த நொடி தென்னையில், அதற்கடுத்து வானத்தில். யார் லைட்டை இப்படிப் பிடிக்கிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. அருகில் போனபோதுதான் தெரிந்தது: அப்பா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டிருந்தார். மண்வெட்டிக்கு இரண்டு கையும் வேண்டும். சேற்றை வெட்டி வரப்பில் வைத்து அணைக்கும்போது அவர் தலை எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் வெளிச்சம் போயிற்று. என்னைப் பார்த்துத் தலையை நிமிர்த்தினார். வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. வாயில் டார்ச் இருந்ததால் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. டார்ச்சை எடுத்த பிறகும் சொல்லவில்லை.

விடிந்ததும் பார்த்தோம். முளை கட்டிய விதை முழுவதும் சனி மூலையில் அள்ளும் அளவுக்கு ஒதுங்கிக் கிடந்தது; மற்ற இடமெல்லாம் வழித்துவிட்ட தரைபோல் வெறும் சேறு. அப்பா அதை அன்னக்கூடையில் வாரி மறுபடியும் தெளித்துப் பார்த்தார். முளை ஒடிந்த விதை எப்படி வரும்? மீண்டும் விதை வாங்கி, ஊறவைத்து, மூட்டம் போட்டு எழுவதற்குள் பருவம் தள்ளிப்போய்விடும் என்பதால் அந்த ஆண்டு நாள் குறைந்த ரகத்துக்கு மாறினார். வயலுக்கு நேர்ந்தது அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, யாருக்கும் கால் முறியவில்லை. ஆனாலும் எனக்கு அது ஆறவில்லை.

அடுத்த வாரம் அத்தை வந்திருந்தபோது பேச்சு அங்கே போயிற்று. நான் முந்திக்கொண்டேன். “அண்ணன்தான் ராத்திரியானா விடாம கூப்பிடுறான், அவனுக்கு அங்க பொழுது போகல” என்றேன். வரப்பு உடைந்த கதையோடு உன் பெயர் ஒட்டிக்கொண்டு நீடாமங்கலம் வரைக்கும் போனது அப்படித்தான். அண்ணா, நீ என்னை இழுத்து வைத்து ஆடவில்லை. எட்டரைக்கே சமையற்கட்டை ஒழித்துவிட்டு, அந்த ஒன்பதரைக்காகக் காத்திருந்தவள் நான். அன்று கூப்பிட்டவர் அப்பா என்பதோ, வரப்பு உடைந்தது என்பதோ உனக்குத் தெரியாது; மழை இரைச்சலில் உனக்குக் கேட்டிருக்காது. பொய் என்னுடையது. மன்னித்துவிடு.

இதை எழுதும்போதே எனக்கு உன்மேல் கோபமும் வருகிறது. நாற்று விட்டிருக்கிறோம் என்பதை அன்று மாலையே உனக்குச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனை நூறு இரவுகள் பேசியிருப்போம். துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப் நல்லது என்று அரை மணி நேரம் பேசும் உனக்கு, நாற்று என்னவாயிற்று என்று ஒரு முறை கேட்கத் தோன்றவில்லையே! நீயும் அப்பாவும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். அதை வேறு விதமாக முடித்துச் சொல்லக் காத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். ஆனால் அவரிடம் பேசாத கோபத்தில் வயலையும் சேர்த்துவிட்டாய். நீ பாராத வயலை நான் பார்க்கிறேன் என்பதுகூடச் சில இரவுகளில் உனக்கு மறந்துபோனது.

ஆட்டமே வேண்டாம் என்று நான் முடிவுசெய்யவில்லை. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி தடைசெய்யப்பட்டதிலிருந்து பத்து மாதம் நாம் எத்தனை முறை பேசினோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, அம்மாவின் திதிக்கு ஒன்று. சாப்பிட்டாயா, மழை உண்டா, சரி வைக்கிறேன். ஆட்டம் திரும்பி வந்த அன்று இரவு இரண்டு மணி நேரம் பேசினாய். அம்மாவின் கடைசி நாள்களைப் பற்றி நீ முதன்முறையாக வாய் திறந்தது, பாலத்தடியில் ஒளிந்துகொண்டு எதிரிக்காகக் காத்திருந்தபோதுதான். முகத்தைப் பார்த்துப் பேசினால் உனக்கு வராத பேச்சு, இருவரும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் வருகிறது. இது தெரிந்ததால்தான் இத்தனை ஆண்டுகள் ஒன்பதரை மணியை நான் விடவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அரிசி ஆலைக் கணக்கு, அப்பாவின் மாத்திரை, சின்னவனின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து மிஞ்சும் ஒன்றரை மணி நேரம்தான் என்னுடையது. நம் தெருவில் மதியம் முழுவதும் சீட்டாடுகிறவர்களை யாரும் கேட்பதில்லை. ஐபிஎல் மாதங்களில் ஆண்கள் எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள் என்று எவரும் கணக்கு வைப்பதில்லை. முப்பது வயது தாண்டிய ஒரு பெண்ணின் கையில் கைப்பேசி கிடைமட்டமாக இருந்தால் மட்டும் பார்க்கிறவர்களின் முகம் மாறுகிறது. உலக சுகாதார அமைப்பே இதை நோய் என்கிறது என்று குடும்பக் குழுவில் ஒருவர் செய்தி அனுப்பினார். யாருக்கென்று எனக்குத் தெரியும். நான் அதை முழுதாகத் தேடிப் படித்தேன். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் அது இருப்பது உண்மைதான். ஆனால் நிறுத்த முடியாத நிலை, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே முதலிடம் பெறுதல், கெடுதல் வந்த பிறகும் தொடர்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டாவது நீடித்து, வாழ்க்கையைக் கடுமையாகக் குலைத்திருந்தால்தான் அது நோய். நான் அப்படி இல்லை. அதைப் படித்து நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியும் தவறாகப் போனது. நோயில்லை என்பதால் தப்பேயில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு பிஜிஎம்ஐக்கும் ஒரு தடை வந்து, 2023 மே மாதத்தில் ஆட்டம் மறுபடியும் வந்தபோது, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், பதினெட்டுக்குக் கீழே மூன்று மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். ஆறு மணி நேரம் நான் எந்த நாளும் ஆடியதில்லை. என் தொல்லை மணிக்கணக்கில் இல்லை, அண்ணா. ஆட்டம் தொடங்கிவிட்டால் அரை மணி நேரம் அதை நிறுத்த முடியாது என்பதில் இருக்கிறது. நடுவில் எழுந்தால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள். அதில் ஒருவன் நீ. வீட்டிலோ நிறுத்திவைக்க முடிந்த வேலை ஒன்றுகூட இல்லை. குழந்தையின் காய்ச்சல், வாய்க்காலில் நள்ளிரவில் வரும் முறைத் தண்ணீர், அப்பாவின் குரல் எல்லாம் சொல்லிக்கொள்ளாமல்தான் வருகின்றன. நிறுத்த முடியாத இரண்டை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் வீட்டைத்தான் “இரு” என்று சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் வீடு திட்டாது.

மன்னார்குடியில் நீ என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கணினி ஆட்டத்தை இப்போது மறுபடியும் எடுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற மடிக்கணினியில் ஓடுகிறது. 2022இல் வந்த விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஓர் இனத்தைச் சேர்த்து, ராஜேந்திர சோழனின் படையெடுப்பையே ஒரு தொடராக வைத்திருக்கிறார்கள். ஆட்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். சின்னவன் அதைக் கேட்டு மடியிலிருந்து குதித்துவிட்டான். யாராவது கூப்பிட்டால் ஒரு விசையை அழுத்தினால் போதும், ராஜேந்திரனின் கப்பல் நான் திரும்பி வரும்வரை கடலில் அப்படியே நிற்கிறது. வேலை நாள்களில் எனக்கு அது போதும். உன் குரல் அதில் இல்லை என்பது மட்டுமே குறை, அது சிறிய குறையும் இல்லை.

நேற்று இரவு நடந்ததையும் சொல்ல வேண்டும். மேற்கே இடி இடித்தது. மழைக்கு முன்பே மேல வரப்பைப் பார்த்துவிடலாம் என்று அப்பா மண்வெட்டியை எடுத்தார். போன மாதம் தலையில் மாட்டிக்கொள்ளும் லைட் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன், ஆட்டத்தில் ராயல் பாஸ் வாங்க வைத்திருந்த பணத்தில். அது உறையைப் பிரிக்காமல் ஆணியில் தொங்குகிறது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் வெட்ட, நான் மண் விழும் இடத்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அதிர்ந்தது. நீதான். அப்பா நிமிராமல், “பெரியவனா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டு வெட்டு வெட்டி, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டு, “இன்னும் எத்தனை பேரு இருக்காங்களாம்?” என்றார்.

ஸ்பீக்கரில் வந்த உன் குரலை அவர் அன்றே கேட்டிருக்கிறார். பையன் அழுவான் என்று நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் டார்ச்சை வாயில் வைத்தார். இத்தனை ஆண்டுகள் உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். கை நடுங்கி வெளிச்சம் வரப்பை விட்டு விலகியதும், “இங்க காட்டு” என்றார்.

முப்பது நாளில் நாற்று பறிக்கலாம். ஷிப்டு எப்படி என்று பார்த்துச் சொல். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆட வருகிறேன். ஸ்பீக்கரில்தான் பேசுவேன், அப்பா அந்த நேரத்தில் திண்ணையில் இருப்பார்.

உன் தங்கை