ஒழுகியது டேப்பெட் கவரில், பில் போட்டது பின்பக்க ஆயில் சீலுக்கு

அனுப்புநர்: வாடிக்கையாளர், மஞ்சக்குப்பம், கடலூர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, புதுச்சேரி.
பொருள்: 1974 மாடல் அம்பாசிடர் மார்க் 2 - தவறான எஞ்சின் வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

என் அப்பா வாங்கிய அம்பாசிடரில் எண்ணெய் ஒழுகுகிறது என்று உங்கள் புதுச்சேரி பட்டறையில் விட்டேன். கியர்பாக்ஸை இறக்கி, கிராங்க் என்ற எஞ்சின் சுழல்தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீலை மாற்றியதாகச் சொல்லி 14,600 ரூபாய் வாங்கினீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் தாண்டும்போதே எண்ணெய் கருகும் வாடை உள்ளே அடித்தது. ஆல்பேட்டையில் ஓரங்கட்டி பானட்டைத் திறந்தால், சைலன்சர் குழாயில் எண்ணெய் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. வண்டியில் வயதான அம்மாவும் இருந்தார். தீப்பிடித்திருந்தால் யார் பொறுப்பு?

அங்கிருந்தே போன் செய்தேன். "பழைய வண்டி சார், கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்றார் உங்கள் சூப்பர்வைசர். அப்படியென்றால் எதற்காகக் கழற்றினீர்கள்?

கடலூர் முதுநகரில் அம்பாசிடர் டாக்சிகளையே பார்த்துப் பழகிய மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, காய்ந்ததும் பவுடர் தூவி, ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டார். கொஞ்ச நேரத்தில் மேனிபோல்டுக்கு (எஞ்சினோடு சேரும் காற்று, புகைக் குழாய்களுக்கு) அடியில், எஞ்சின் பக்கவாட்டை மூடும் பின்பக்க டேப்பெட் கவரின் கீழ் மூலையில் வெள்ளைப் பவுடர் கறுக்க ஆரம்பித்தது. அந்தக் கறுப்புக் கோடு பிளாக்கை (எஞ்சினின் அடி உடலை) ஒட்டியே பின்னால் ஓடி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டியது. அந்தச் சொட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பின்பக்க சீல் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள்.

இந்த 1489 சிசி எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பிளாக்கில்தான் இருக்கிறது. டேப்பெட் என்ற சிறு உருளையும் புஷ்ராடு என்ற கம்பியும் வழியாகத்தான் அது மேலே வால்வை அழுத்தும் ராக்கரை அசைக்கிறது. ராக்கருக்கு ஏறிய எண்ணெய் புஷ்ராடு துளைகள் வழியாக டேப்பெட் அறைக்கு இறங்கி, சம்ப் என்ற அடி எண்ணெய்த் தொட்டிக்குப் போகும். அந்த அறையை மூடுவது டேப்பெட் கவர் என்ற இரண்டு தகடுகள், கசிவைத் தடுக்கும் கார்க் கேஸ்கெட், தகட்டுக்கு ஒரே ஒரு போல்ட். முறுக்கி இறுக்கினால் தகடு நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். முன் தகட்டில் இருக்கும், உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி எந்தக் கேஸ்கெட்டையும் தாண்டி எண்ணெய் வரும். என் வண்டியில் இரண்டுமே நடந்திருந்தன. மேலே ராக்கர் கவரின் நட்டுகளையும் வெறியோடு முறுக்கியிருக்கிறார்கள். கார்க் பிதுங்கி வெளியே தொங்குகிறது.

இன்னொன்று. இந்த எஞ்சினின் கிராங்க் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் திருகு வெட்டுதான் உண்டு. அப்புறம் பில்லில் "ரியர் ஆயில் சீல்" என்று எதற்குப் பணம் வாங்கினீர்கள்? கழற்றிய பழைய சீலைக் கேட்டேன், இதுவரை காட்டவில்லை. பழைய வண்டியைப் பற்றித் தெரியாமல் இருப்பதில் தப்பில்லை, தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பி விட்ட ஒருவரிடம் இல்லாத பாகத்துக்குக் காசு வாங்குவதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

எனவே 14,600 ரூபாயை முழுவதும் திருப்பித் தர வேண்டும். ராக்கர் கவர், டேப்பெட் கவர் கேஸ்கெட்டுகளை மாற்றி, வளைந்த தகடுகளை நேராக்கி, பிரீதரைச் சுத்தம் செய்ய இங்கே ஆகும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். வண்டியை மறுபடி உங்களிடம் விடமாட்டேன்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். பில் நகலும் பவுடர் தூவி எடுத்த படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்