அரை தினார் காசு

தூத்துக்குடி
2025 ஜனவரி 20

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் போகிக்கு முந்தின நாள் வந்தது. முட்டி வலிக்குத் தைலம் போட்டு ஆறப்போடாமல் டாக்டரைப் பார் என்று உன் மகள் சொல்கிறாளே, அதைக் கேள். இங்கே எல்லோரும் நலம். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். வீட்டில் ஒரு பொருளைத் தரையில் வைக்க முடிவதில்லை.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். சிரியாவில் அசாத் ஓடிப்போனதை டிவியில் பார்த்ததும் என் ஞாபகம் வந்ததாம். நீ விசாவைக் கேன்சல் அடித்து ஊருக்கு வந்தபிறகு பஹ்ரைனில் என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லையாம். உண்மைதான். ஃபோனில் நீ கேட்டபோதெல்லாம் "கொஞ்சம் கலாட்டா, இப்போ சரியாயிட்டு" என்று முடித்துவிட்டேன். அப்போது ஃபோனில் பேசப் பயம். ஊருக்கு வந்தபிறகும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய தாளை எடுத்திருக்கிறேன்.

நீ கிளம்பியது 2010 அக்டோபர். அந்த டிசம்பர் 17ல்தான் துனிசியாவில் சிதி பூசித் என்ற சின்ன ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது பூஅஜீஸி தன்மேல் தீ வைத்துக்கொண்டார். நாலே வாரத்தில், ஜனவரி 14 அன்று, 23 வருஷம் ஆண்ட பென் அலி விமானம் ஏறிவிட்டார். பிப்ரவரி 11ல் எகிப்தில் முபாரக் இறங்கினார். அன்று ராத்திரி நம் குதைபியா ரூமில் யாரும் தூங்கவில்லை. அதே நாளில் பஹ்ரைன் மன்னர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆயிரம் தினார் தருவதாக அறிவித்தார். நம்ம பயல்கள் முதலில் கேட்டது, "நமக்கும் உண்டாண்ணே?"

பஹ்ரைன்காரர்கள் தங்கள் போராட்டத்தைத் தொடங்கப் பிப்ரவரி 14ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் கணக்கு இருந்தது. பத்து வருஷத்துக்கு முன், 2001ல், அதே தேதியில்தான் தேசிய சாசனத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. நாடாளுமன்றம் வரும் என்று நம்பி நூற்றுக்கு 98 பேர் ஆமாம் என்றார்கள். மறு வருஷம் வந்த அரசியல் சட்டமோ, மன்னர் நியமிக்கும் மேலவைக்கும் மக்கள் தேர்ந்தெடுக்கும் அவைக்கும் சமமான அதிகாரம் கொடுத்துவிட்டது. பிரதமர் நாற்காலியில் மன்னரின் சித்தப்பா 1971லிருந்து உட்கார்ந்திருந்தார். 2020ல் இறக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை. ஷியாக்கள்தான் அந்த நாட்டில் பெரும்பான்மை, ஆனால் போலீசிலும் ராணுவத்திலும் அவர்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். பாகிஸ்தான், ஜோர்டான், ஏமன் என்று வெளியிலிருந்து ஆள் எடுத்துச் சீருடை போட்டுவிட்டார்கள். இதெல்லாம் நமக்கும் தெரியும்தானே. சித்ரா, சனாபிஸ் மாதிரி ஷியா ஊர்களுக்கு வேலைக்குப் போகும்போது, நம்ம ஓனர் இருக்கிற ரிஃபாவிலிருந்து அந்தத் தெருக்கள் எவ்வளவு வேறாக இருக்கும் என்று பார்த்திருக்கிறோம். ஆனால் பேசியதில்லை.

லூலூ ரவுண்டானா ஞாபகம் இருக்கிறதா? டானா மால் லூலூ கடையை வைத்துத்தான் அந்தப் பெயர் என்று ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தாயே. அரபியில் லூலூ என்றால் முத்து என்று தெரிந்த அன்று, முத்துக்குளித்த ஊர்க்காரன் உனக்கே இது தெரியாமல் போச்சே என்று ரூமே சிரித்தது. ஆறு பாய்மரங்கள் சேர்ந்து ஒரு முத்தைத் தாங்குகிற தூண். 1982ல் வளைகுடா நாடுகளின் மாநாட்டுக்காகக் கட்டியது, நாட்டுக்கு ஒரு பாய் என்று ஆறு. அங்கேதான் கூடாரம் போட்டார்கள்.

17ஆம் தேதி வியாழக்கிழமை, விடியற்காலை மூன்று மணிக்குமேல், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது போலீஸ் உள்ளே புகுந்தது. நாலு பேர் செத்தார்கள். நமக்கு ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு நாளில் ராணுவத்தை விலக்கினார்கள், ஜனம் திரும்ப வந்து உட்கார்ந்தது. 22ஆம் தேதி ஒரு லட்சம் பேருக்கும் மேல் நடந்தார்கள் என்றார்கள். அந்த நாட்டுக் குடிமக்களே ஐந்தரை லட்சம் சொச்சம்தான் என்பதை வைத்துக் கணக்குப் பார்.

ஒருநாள் சாயங்காலம், கீழே கோல்ட் ஸ்டோர் என்கிற மளிகைக் கடை வைத்திருந்த சேட்டனோடு நானும் போய்ப் பார்த்தேன். வேடிக்கை பார்க்கத்தான். திருவிழா மாதிரி இருந்தது மக்கா. பெரிய பெரிய சட்டியில் சோறு, டீ, ஒரு பக்கம் பெண்கள் கூடாரம். ஷியாவும் சன்னியும் சகோதரர்கள், இந்த நாடு விற்பனைக்கு இல்லை என்று கோஷம். சிலர் கையில் ஒரு தினார் நோட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பைனான்சியல் ஹார்பர் நிலத்தைப் பிரதமர் ஒரு தினாருக்கு வாங்கினார் என்று ஒரு குற்றச்சாட்டு, அதைக் குத்திக்காட்டத்தான் அந்த நோட்டு. யாரோ என் கையில் டீயைக் கொடுத்து எந்த ஊர் என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால், கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். பில்லிங்கில் இருப்பாரே, தினமும் உனக்குப் பேரீச்சம்பழம் தருவாரே, அவரேதான். மகனைத் தோளில் உட்காரவைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். எனக்கோ, கேமராவில் யாராவது எடுத்துவிட்டால் விசா என்ன ஆகும் என்று வயிறு கலங்கியது. பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 14. சவூதி படை பாலம் வழியாக வந்தது, அமீரகப் போலீஸும் வந்தது. மறுநாள் அவசரநிலை. 16ஆம் தேதி ரவுண்டானாவைத் துடைத்தெடுத்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஊரடங்கு. ரூமில் இருந்த ஒரு மூட்டை அரிசியை எட்டுப் பேர் பங்குபோட்டுச் சாப்பிட்டோம். இந்த நாட்களில் நம்மைப் போல ஆட்களுக்கும் அடி விழுந்தது, அதையும் மறைக்கக்கூடாது. சீருடைக்காரர்களில் பாகிஸ்தானிகள் இருந்தார்கள் என்பதற்காக, கூலி வேலைக்கு வந்த பாகிஸ்தானிகளையும் வங்காளிகளையும் சில கும்பல்கள் தேடித்தேடி அடித்தன. கூடாரத்தில் எனக்கு டீ கொடுத்தவர்களுக்கு அதில் சம்மதம் இருந்திருக்காது. ஆனாலும் நடந்தது.

18ஆம் தேதி வெள்ளிக்கிழமை. ரூமில் எல்லோரும் இருந்தோம். டிவியில் அந்த முத்துத் தூணை இடித்துக் கீழே தள்ளினார்கள். கெட்ட ஞாபகத்தை அகற்றினோம் என்றார் வெளியுறவு அமைச்சர். வளைகுடா ஒற்றுமைக்கென்று எழுப்பிய ஆறு பாயையும், வளைகுடாப் படை வந்து இறங்கிய நாலாம் நாளே சாய்த்துவிட்டார்கள். அது விழுந்தபோது கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி அடியில் மாட்டிச் செத்துப்போனார். நம்மைப் போல விசாவில் வந்த ஆள். வெள்ளிக்கிழமை ஓவர்டைம் என்று நினைத்து வந்திருப்பாரோ என்னவோ. இந்தச் சண்டையில் அவருக்கு ஒரு பக்கமும் கிடையாது. ரூமில் யாரும் பேசவில்லை. சேட்டன் மட்டும் எழுந்து போய்ச் சேனலை மாற்றினார்.

அப்புறம்தான் நான் சொல்லாமல் விட்ட சங்கதி.

ஏப்ரலில் கம்பெனி ஒரு பட்டியல் போட்டது. போராட்ட நாட்களில் லீவு போட்டவர்கள், படத்தில் இருந்தவர்கள். நாடு முழுக்க இப்படி நாலாயிரம் பேருக்கு மேல் வேலை போனது, பெரும்பாலும் ஷியாக்கள். பக்கத்து மேஜைக்காரர் பெயரும் அதில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பில்லிங்கையும் நீயே பார்த்துக்கொள், நாற்பது தினார் கூட்டித் தருகிறேன் என்றார். நான் யோசிக்கவே இல்லை அந்தோணி. தேங்க்யூ சார் என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்தாயிரம் அனுப்பினேனே, அது அந்த நாற்பது தினாரிலிருந்துதான். உனக்குச் சங்கடமாக இருக்கும் என்றுதான் இவ்வளவு நாள் சொல்லவில்லை.

அந்த மேஜை டிராயரில் கொஞ்சம் சில்லறை கிடந்தது. ஆபீஸ் பையனுக்கு டீக்குக் கொடுக்க அவர் போட்டு வைத்திருப்பார். அதில் ஒரு 500 ஃபில்ஸ், அரை தினார் காசு, முத்துத் தூண் படம் போட்டது. தூணை இடித்தபிறகு அந்தக் காசையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ரவுண்டானா இருந்த இடத்தை சிக்னல் போட்ட ரோடாக்கி ஃபாரூக் சந்திப்பு என்று பெயர் வைத்தார்கள். பெயரைத்தான் வைக்க முடிந்தது. கடைசிவரை டாக்சிக்காரனிடம் லூலூ ரவுண்டானா என்றுதான் நான் சொன்னேன், அவனும் கேள்வி கேட்காமல் கொண்டுபோய் விட்டான்.

அந்த நவம்பரில் மன்னரே அமைத்த பஸ்யூனி விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. 35 பேர் செத்திருக்கிறார்கள், அதில் 5 பேர் காவலில் வதைபட்டு, என்று மன்னர் முன்னாலேயே வாசித்தார்கள். இப்படி ஒன்றைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வேறு அரபு மன்னர் எனக்குத் தெரிந்து இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வேலை போனவர்களில் பலரைத் திரும்பச் சேர்த்தார்கள். நம்மாள் மட்டும் வரவில்லை. சார் என்கிற ஊரில் ஒரு சொந்தக்காரர் கடையில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. போய் என்ன சொல்வது?

ராத்திரிகளில் மொட்டைமாடியிலிருந்து அல்லாஹு அக்பர் என்று ஒரு வீடு ஆரம்பிக்கும், அடுத்த வீடு எடுத்துக்கொள்ளும். கார் ஹாரனில் ஒரு தாளம் உண்டு, ஆட்சி ஒழிக என்ற கோஷத்தின் தாளம். வாய் திறக்காமல் கோஷம் போட அவர்கள் கண்டுபிடித்த வழி. அந்தத் தாளம் இன்னும் எனக்குள் ஓடுகிறது. பேரனுக்குத் தட்டில் கரண்டியால் தட்டிக் காட்டுவேன், உன் மதினி இது என்ன புதுத் தாளம் என்று கேட்பாள்.

2018 மே 22க்கு மறுநாளோ என்னவோ, நம் ஊரில் 13 பேர் குண்டடிபட்டு விழுந்த அந்த வாரம்தான். பைபாஸில் லாரியோடு மாட்டிக்கொண்ட வெளியூர் டிரைவர் ஒருவர் ஃபோனில் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணுமில்ல, கொஞ்சம் கலாட்டா." எனக்கு அவர் சட்டையைப் பிடிக்கலாம் போல இருந்தது. உனக்கு நான் சொன்ன அதே வார்த்தை.

நீ கேட்டது அசாத்தைப் பற்றி. அப்பன் மகன் இருவருமாக 54 வருஷம், டிசம்பர் 8ல் முடிந்தது. அடுத்து வருகிறவர்கள் எப்படியோ, எனக்கு நம்பிக்கை கொஞ்சம்தான். எகிப்தில் ராணுவம் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது, துனிசியாவே 2021ல் பின்னால் போய்விட்டது. பஹ்ரைனில் போன ஏப்ரலில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் மன்னிப்பு கொடுத்து விட்டார்கள், அரசியல் கைதிகளும் நிறையப் பேர் அதில் வந்தார்கள். 110 நாள் உண்ணாவிரதம் இருந்த மனித உரிமைப் போராளி அப்துல்ஹாதி அல்கவாஜா மட்டும் இன்னும் உள்ளேதான். அந்தச் செய்தியைப் பார்த்தபோது, அப்பா தோளில் உட்கார்ந்திருந்த பையனுக்கு இப்போது பதினெட்டு ஆகியிருக்கும் என்று விரல் விட்டு எண்ணினேன்.

காசு என் பீரோவில் இருக்கிறது. சிலுவைத் திருவிழாவுக்கு மணப்பாடு வரும்போது கொண்டுவருகிறேன். சார் ஊர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது உனக்குத் தெரிந்தால் சொல். உன் மைத்துனன் மகன் அங்கேதானே இருக்கிறான்? கடையைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

தைலம் போதும், டாக்டரைப் பார்.

உன்,
முருகேசன்