டிசம்பர் 8-ல் கோத்தா பாருவை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் ஐயா, வணக்கம்.

என் பேரன் பிறந்தது டிசம்பர் 8. அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று பார்க்க உங்கள் 'வரலாற்றில் இன்று' பகுதியை ஆசையாக எடுத்துப் படித்தான். முதல் நாள் பேர்ல் ஹார்பர் படத்தோடு வந்திருக்கிறது, எட்டாம் தேதியில் நம் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாருவின் பெயரே இல்லை. "தாத்தா, நம்ம ஊர்ல அன்னிக்கு ஒன்னுமே நடக்கலையா?" என்கிறான். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1941 டிசம்பர் 8, நடுநிசி தாண்டியதும் ஜப்பான்காரன் கோத்தா பாருவுக்குப் பக்கத்தில் சாபாக் கரையில் இறங்கினான். ஹவாயில் பேர்ல் ஹார்பர் மேல் குண்டு விழுந்தபோது அங்கே ஏழாம் தேதி காலை, நமக்கு எட்டாம் தேதி பின்னிரவு. கணக்குப் பார்த்தால் பேர்ல் ஹார்பருக்குச் சுமார் ஒரு மணி நேரம் முந்தியே சண்டை நம் மண்ணில் தொடங்கிவிட்டது. கரையில் காவல் நின்றவர்கள் டோக்ரா படைப்பிரிவின் இந்தியச் சிப்பாய்கள். விடிவதற்குள் சிங்கப்பூரிலும் குண்டு போட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1942 ஜனவரி 7 விடியுமுன்னே ஜப்பான் டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து எங்கள் சிலிம் ரிவருக்குள் நுழைந்துவிட்டன, அதுவும் இரண்டு பக்கமும் ரப்பர் மரம் நின்ற இதே பெரிய ரோட்டில்தான்.

அப்புறம் வந்ததுதான் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்துச் சனங்களின் கதை. ரப்பர் கப்பல் ஏறவில்லை, பால்வெட்டு நின்றது, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே சோறு. மூன்று மாத வேலை, திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லி சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது என் பாட்டியின் அண்ணனும் போனார், வரவில்லை. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பாட்டி சாகும்வரை வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் ஜப்பான்காரன் ஆட்சியில் அச்சடித்த ஒரு வாழைமர நோட்டை நான்காக மடித்து வைத்திருந்தார், அண்ணன் கிளம்பும்போது கையில் கொடுத்த பத்து வெள்ளியாம். மடிப்பு கிழிந்து இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த நோட்டுக்கும் டிசம்பர் 8-க்கும் சம்பந்தம் இருக்கிறது ஐயா, பேரனுக்கு அதைக் காட்டித்தான் கதையைச் சொன்னேன்.

அந்தத் தேதியில் இன்னும் இருக்கிறது. 1914-ல் ஃபாக்லாந்து தீவுகளருகே பிரிட்டிஷ் கப்பல்கள் ஜெர்மானியத் தளபதி ஸ்பேயின் படையை மூழ்கடித்ததும் டிசம்பர் 8-தான். சென்னையில் குண்டு போட்டு, பினாங்கு துறைமுகத்தில் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்த எம்டன் இருக்கிறதே, அது இந்தப் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல். சரியான எம்டன்டா அவன் என்று இன்றைக்கும் பேசுகிறோம், படையின் முடிவை யாரும் சொல்வதில்லை. 1962 டிசம்பர் 8 அதிகாலையில் புருணையில் கலகம் வெடித்தது, சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் படை போய் அடக்கியது, பின்னாலேயே இந்தோனேசியாவோடு கொன்ஃப்ரன்தாசி என்ற மோதல் வந்தது.

இதில் கோத்தா பாருவையாவது அடுத்த வருஷம் போடுங்கள். படம் வேண்டுமென்றால் கோத்தா பாருவில் பேங்க் கெராப்பு என்ற பழைய வங்கிக் கட்டடத்தில் போர் அருங்காட்சியகமே இருக்கிறது. வாழைமர நோட்டு வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சிலிம் ரிவர், பேராக்