‘மனவலிமை அற்றவர்கள்’ – ஞாயிறு இணைப்பு பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘உங்கள் மனம் எவ்வளவு தாங்கும்?’ என்ற தலைப்பில் பத்துக் கேள்விகள் போட்டிருந்தீர்கள். கேள்விக்கு ஐந்து கட்டம், கடைசியில் கூட்டல். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘இருபதுக்குக் கீழ் பெற்றவர்கள் வாழ்க்கையின் சோதனைகளைத் தாங்கும் மனவலிமை அற்றவர்கள்.’ அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் மனநல மருத்துவர் இல்லை. இப்படிப்பட்ட கேள்வித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் ஆய்வு நடத்த வந்த ஓர் அமைப்பில் களப்பணியாளராக இருந்தேன். எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். நாள் தவறாமல் எண்ணிக்கை வெளியிட்ட உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2005 கோடையில் அந்தத் தார் ஷீட் கொட்டகைகளுக்குள் பகலில் உட்காரவே முடியாது. வாசலில் சாக்கை விரித்து, பரீட்சை அட்டையில் தாளைச் செருகி வைத்துக்கொண்டு கேட்போம். ஆளுக்கு நாற்பது நிமிடம்.

ஒரு பாட்டி. மகனும் மருமகளும் போய்விட்டார்கள். இரண்டு பேரப்பிள்ளைகள் மிச்சம். பேத்திக்குச் சடை பின்னிக்கொண்டே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன வந்தாலும் சமாளித்துவிடுவேன் என்று நினைக்கிறீர்களா என்ற பொருளில் ஒரு கேள்வி வந்தது. பின்னிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. “அப்படியெல்லாம் வாயால சொல்லக் கூடாதும்மா. கடலு கேட்டுக்கிட்டு இருக்கு” என்றார். நான் ‘இல்லவே இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டேன். கஷ்டத்திலிருந்து சீக்கிரம் எழுந்துவிடுவீர்களா என்று அடுத்த கேள்வி. “நான் எங்கம்மா எழுந்தேன்? பக்கத்து வீட்டுக்காரி மூணு மாசம் சோறு போட்டா. பஞ்சாயத்துல கூடை வாங்கக் காசு குடுத்தாங்க. தூக்கி விட்டாங்க, நிக்கிறேன்.” அதற்கும் ‘இல்லவே இல்லை’. அந்த வரிசையிலேயே குறைந்த மதிப்பெண் அவருக்குத்தான். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மீன் ஏலத்தில் அவரைப் பார்த்தேன். முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கூடை சங்கராவுக்கு வியாபாரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். ஐயா, உங்கள் கணக்கில் அவர் மனவலிமை அற்றவர்.

அதே வாரம் இன்னொரு வீடு. சின்ன வயதுத் தாய். எதைக் கேட்டாலும் “அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா” என்றாள். வாசற்படியில் மாமியார், பின்னால் கணவன், சுற்றிலும் நாலு வீட்டுக்காரர்கள். வேறு என்ன சொல்வாள்? நல்ல மதிப்பெண் வந்தது. நான் தாளை மடிக்கும்போது குனிந்து, “ராத்திரி கண்ணை மூடினா பிள்ளை கையி நழுவுதுக்கா” என்றாள். என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். ஓரத்தில் எழுதியதெல்லாம் கணினியில் ஏறாது, இனி எழுதாதீர்கள் என்று மேற்பார்வையாளர் கண்டித்தார். அந்தத் தாள் எங்கே போனதோ, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனதோ! இருபது வருடமாக அந்த ஓரக் குறிப்பு என் நெஞ்சில் கிடக்கிறது.

கேள்வித்தாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் 2001இல் வெளியானது. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கும். மொத்தம் 27, பத்தோ அதற்கு மேலோ வந்தால், உட்காரவைத்து விவரமாகப் பேசிப் பாருங்கள் என்று அர்த்தம். நோய் உண்டு என்ற தீர்ப்பு அல்ல அது. நல்ல நர்ஸ் கையில் இருந்தால் அந்த ஒன்பது கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றும். ஆனால் அதிலும் மொழி இடறும். ஆங்கிலத்தில் ‘ஹோப்’ என்று இருப்பதை நாம் ‘நம்பிக்கை’ என்று எழுதிவிடுகிறோம். நம்பிக்கை இழந்திருக்கிறீர்களா என்று ஒருவரைக் கேட்டேன். “யார் மேல? சாமி மேலயா, மனுசன் மேலயா?” என்று திருப்பிக் கேட்டார். கேள்வி சரியில்லை என்று அவர்தான் எனக்குப் புரியவைத்தார். எங்கள் ஊரில் ‘மனச்சோர்வு’ என்று யாரும் வந்து சொல்வதில்லை. நெஞ்சை அடைக்குது, உடம்பெல்லாம் எரியுது, ஒரே யோசனையா இருக்கு என்பார்கள்.

இதே ‘ஒரே யோசனை’யை ஜிம்பாப்வே மக்கள் ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். அங்கே அந்த மக்களின் பேச்சிலிருந்தே எடுத்து, ஷோனா மொழியில் பதினாலு கேள்விகள் உருவாக்கினார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சமே பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார நிலைய வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். அதனால் நிஜமாகவே நோய் குறைந்தது என்று 2016இல் ஆய்வு வெளியானது. இப்படி ஒன்றை எழுத உங்கள் இணைப்பில் இடம் இருந்திருக்கக் கூடாதா?

தாங்கும் திறன் என்பது ஆளுக்குள் புதைந்து கிடக்கும் பொருள் என்று உங்கள் கட்டுரையாளர் நினைக்கிறார். ஹவாயில் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடிகாரத் தகப்பன், சண்டை சச்சரவு என்று எல்லாக் கேடும் சூழ வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே ஆளானார்கள். அவர்களுக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானது, அக்கறையாகப் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர். பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘தூக்கி விட்டாங்க, நிக்கிறேன்’ என்று அந்தப் பாட்டி சொன்னதும் இதைத்தான். அதற்கு நான் சுழியம் போட்டேன்.

உங்கள் பத்திரிகைமேல் எனக்கு இது முதல் வருத்தம் அல்ல. கொரோனா சமயத்தில் மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்து, நாலெழுத்துப் பட்டம் கொடுத்து ஒரு தொடர் போட்டீர்கள். அந்த மயர்ஸ்-பிரிக்ஸ் முறையை உருவாக்கிய தாயும் மகளும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்ல. ஆள் எடுப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. இதையெல்லாம் அன்றைக்கே எழுதி அனுப்பினேன், வெளியிடவில்லை. என் மகன் அதிகம் பேசமாட்டான். ஒரு நிறுவனத்தில் எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறியவனை, அதே மாதிரியான ஒரு தாளைக் காட்டி ‘குழுவோடு ஒத்துப்போகாத ஆளுமை’ என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, “அம்மா, எனக்கு என்ன குறை?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு எந்தக் கட்டத்தில் குறி போடுவது?

ஆளுமையை அளக்கும் முறைகளில் ஆய்வாளர்கள் அதிகம் மதிக்கும், யாரையும் ஐந்து குணங்களில் அளக்கும் ‘ஐந்து பண்புகள்’ முறைகூட, ஆங்கில அகராதியிலிருந்து ஆரம்பித்ததுதான். 1936இல் ஆல்போர்ட், ஓட்பெர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதரைக் குறிக்கும் சொற்கள் சுமார் பதினெட்டாயிரத்தை அதிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களில் 632 பேரிடம் கேட்டுப் பார்த்தபோது அந்த ஐந்து அப்படியே தேறவில்லை என்று 2013இல் வெளியிட்டார்கள். ரோஷம், வீம்பு, வைராக்கியம் என்று நாம் ஆளை எடை போடுகிற சொற்கள் வேறு. தமிழில் ஒரு தாள் போடுகிறவர் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஒரு வரிக்கு வருத்தம் தெரிவித்து அடுத்த ஞாயிறு இரண்டு வரி போடுங்கள். இனி இப்படிக் கேள்விகள் வெளியிட்டால், யார் எந்த மக்களுக்காக உருவாக்கியது, தமிழில் சரிபார்த்தார்களா என்று சேர்த்து எழுதுங்கள். கீழே அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416ஐப் போடுங்கள். இருபதுக்குக் கீழ் வாங்கிய யாராவது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி தனியாக உட்கார்ந்திருக்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் களப்பணியாளர், நாகப்பட்டினம்